ஆபரேஷனுக்கு ஊரே வரும், மாத்திரைக்கு யாரும் வர மாட்டாங்க

ஒரு குடும்பம் வைத்தியச் செலவால நொடிஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டா நமக்கு உடனே மனசுல ஓடறது ஒரு பெரிய ஆபரேஷன்தான். ஒருத்தர் நெஞ்சைப் புடிச்சுட்டு விழறாரு, ஆம்புலன்ஸ் வருது, ஐசியூ வாசல்ல பொண்டாட்டி நிக்கறாங்க, யாரோ வந்து முதல்ல அட்வான்ஸ் கட்டிருங்கன்னு ஒரு சீட்டை நீட்டறாங்க. சினிமாவுலயும் இதான் வரும், சொந்தக்காரங்க பேச்சுலயும் இதான் வரும், அரசாங்கம் ஒரு திட்டம் போட்டாலும் இதை நினைச்சுத்தான் போடுது. அப்படியெல்லாம் நடக்கலன்னு சொல்ல வரல, தினம் நடக்குது. ஆனா ஏழை நாடுகள்லயும் நடுத்தர வருமானம் உள்ள நாடுகள்லயும் வைத்தியச் செலவு வீடுகளை என்ன பண்ணுதுன்னு கொஞ்ச காலமா தேடித் தேடிப் படிச்சுட்டு இருக்கேன், அதுல எனக்குப் பட்டது வேற. குடும்பத்தை அதிகமா அரிக்கறது மாசா மாசம் வர்ற மருந்துக்கடை பில்லு, அப்புறம் பில்லுலயே வராத செலவு.

பெரிய ஆபரேஷன்னா ஆளுங்க வருவாங்க. மச்சான் கொஞ்சம் குடுப்பாரு, ஆபீஸ்ல வசூல் பண்ணிக் குடுப்பாங்க, கூடப் படிச்சவங்க வாட்ஸப் குரூப்ல போட்டு விடுவாங்க, ஏதாவது அரசு அட்டை இருந்தா அதுல பாதி கழியும், கோயிலோ சர்ச்சோ மசூதியோ எங்கயோ ஒரு கை நீளும். உயிரு போற விஷயம்ங்கறதால கேக்கறவனுக்கும் கூச்சம் இருக்காது, குடுக்கறவனுக்கும் மறுக்க முடியாது. ஆனா அந்த ஆள் பொழைச்சு வீட்டுக்கு வந்த பிறகு ரத்தம் கெட்டியாகாம இருக்க ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு, பிரஷருக்கு ரெண்டு, சுகருக்கு ஒண்ணுன்னு சாகற வரைக்கும் போடணும்னு எழுதிக் குடுப்பாங்களே, அதுக்கு யாரு வருவா? “மாமா, இந்த மாசம் பிரஷர் மாத்திரை வாங்கக் காசு இல்ல”ன்னு எத்தனை மாசம் ஒருத்தர்கிட்ட போயி நிக்க முடியும்? மூணாவது மாசம் அவரு போனை எடுக்க மாட்டாரு, அவரைத் தப்பு சொல்லவும் முடியாது, அவரு வீட்லயும் ஒரு டப்பா மாத்திரை இருக்கும்.

வலிப்பு நோய், ஆஸ்துமா, தைராய்டு, மனநோய், எல்லாத்துக்கும் இதே கதைதான். வியாதி வருஷக்கணக்குல இருக்கும், செலவும் வருஷக்கணக்குல இருக்கும், கூலி மட்டும் அன்னன்னைக்குத்தான்.

இதை நேர்ல பாக்கணும்னா சாயங்காலம் ஏதாவது ஒரு மருந்துக்கடை ஓரமா கொஞ்ச நேரம் நில்லுங்க. சீட்டை நீட்டுவாங்க, கடைக்காரர் எல்லாத்தையும் எடுத்து வெச்சு கால்குலேட்டர்ல தட்டி ஒரு தொகை சொல்லுவாரு, கேட்டவங்க ஒரு நொடி ஒண்ணும் பேச மாட்டாங்க, அப்புறம் குரலைக் கொஞ்சம் இறக்கி “அஞ்சு நாளைக்கு மட்டும் குடுங்கண்ணே”ம்பாங்க. அவரு கத்திரியை எடுத்து அட்டையைக் கட் பண்ணுவாரு. காலாவதி தேதி அச்சடிச்ச பக்கம் பெரும்பாலும் கடையில தங்கிரும், தேதி இல்லாத துண்டு இவங்க பையில போகும். சில பேரு இன்னும் ஒரு படி மேல போயி “இதுல எது ரொம்ப முக்கியமோ அதை மட்டும் குடுங்க”ன்னு கேப்பாங்க. டாக்டர் எழுதினதுல எதை விடலாம்னு முடிவு பண்ற வேலை அந்த இடத்துல கடையில நிக்கற பையன் தலையில வந்து விழுது. அவனும் தனக்குத் தெரிஞ்சதை வெச்சு ஆன்டிபயாட்டிக்ல ரெண்டைக் கொறைச்சு வலி மாத்திரையை முழுசா குடுத்து அனுப்புவான், ஏன்னா வலி நின்னாத்தான நாளைக்கு வேலைக்குப் போக முடியும். சொல்லப்போனா அவன் பண்றது அவங்க வாழ்க்கைக்குப் பொருத்தமான முடிவுதான், வைத்தியத்துக்குத்தான் பொருத்தம் இல்ல.

உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேந்து 2023ல விட்ட அறிக்கையில ஏறக்குறைய 200 கோடிப் பேரு வைத்தியத்துக்குக் கைக்காசு போட்டு பணக்கஷ்டத்துல மாட்டியிருக்காங்கன்னு சொல்லுது, அதுல 34 கோடிக்கும் மேல உள்ளவங்க ஏற்கனவே கொடிய வறுமையில இருக்கறவங்க. இதுல ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க, வீட்டோட மொத்தச் செலவுல இல்ல வருமானத்துல 10 சதவீதத்துக்கு மேல வைத்தியத்துக்குப் போச்சுன்னா அது தாங்க முடியாத செலவு, இன்னொரு கோடு 25 சதவீதத்துல. வேற சில ஆய்வுகள்ல சாப்பாடு மாதிரி அடிப்படைத் தேவை போக மிச்சம் இருக்கறதுல 40 சதவீதம்னு வெச்சுக்கறாங்க. எனக்கு இந்த 40 கணக்குதான் கொஞ்சம் நியாயமாப் படுது, ஏன்னா கார் வெச்சிருக்கறவன் பத்துல ஒரு பங்கு வைத்தியத்துக்குக் குடுக்கறதும் அன்னாடம் அரிசி வாங்கறவன் பத்துல ஒரு பங்கு குடுக்கறதும் ஒண்ணா என்ன?

ஆனா எந்தக் கோடு போட்டாலும் இந்தக் கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. காசு இல்லன்னு ஆஸ்பத்திரிக்கே போகாம விட்டவங்க செலவு பூஜ்யம். பூஜ்யம்னா கணக்குப்படி அவங்களுக்கு ஒரு பாரமும் இல்ல! போன மாசம் வைத்தியத்துக்கு எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு சர்வே எடுக்க வர்றவரு கேப்பாரு, ஒண்ணும் இல்லைங்கன்னு சொன்னா ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போயிருவாரு. உடம்பு நல்லா இருக்கற வீடும் அப்படித்தான் பதிவாகும், மருந்தை நிறுத்திட்டு உக்காந்திருக்கற வீடும் அப்படித்தான் பதிவாகும். அதனால ஒரு நாட்டுல தாங்க முடியாத செலவுல மாட்டினவங்க விகிதம் கொறைஞ்சிருக்குன்னு யாராவது சந்தோஷமாச் சொன்னா நான் உடனே கை தட்ட மாட்டேன். எத்தனை பேரு வைத்தியம் பாத்தாங்கன்னும் பக்கத்துலயே வெச்சுப் பாக்கணும், அறிக்கைகள்ல ரெண்டும் இருக்கத்தான் செய்யுது, செய்தியில வரும்போது ஒண்ணுதான் வரும்.

எங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தாரு, பிரஷர் மாத்திரையை கத்தியால ரெண்டாக் கீறி பாதியைத்தான் போடுவாரு. “ஏன் பெரியப்பா பாதி போடறீங்க, டாக்டர் முழுசுதான சொன்னாரு”ன்னா, “முழுசு போட்டா தலை சுத்துதுடா”ம்பாரு. டாக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. டாக்டர் பாவம் என்ன பண்ணுவாரு, பிரஷர் இறங்கலயேன்னு இன்னொரு மாத்திரையைச் சேத்து எழுதினாரு, அதையும் இவரு பாதியாக் கீறினாரு. தலை எல்லாம் சுத்தலன்னும் ஒரு மாச அட்டையை ரெண்டு மாசத்துக்கு இழுத்துட்டு இருந்தாருன்னும் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், பசங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவங்க வாயையும் அடைச்சு வெச்சிருந்தாரு. மானம்னு ஒண்ணு இருக்குல்ல. இவரை எந்த சர்வேயில எந்தக் கட்டத்துல போடுவீங்க? மருந்து வாங்கறவரு, டாக்டரைப் பாக்கறவரு, செலவும் கட்டுக்குள்ள இருக்கு. காகிதத்துல பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு.

சரி, செலவு பண்ணித்தான் ஆகணும்னு ஆகும்போது பணம் எங்கிருந்து வருது? 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, வருமானம் கொறைஞ்ச, நடுத்தரமான 40 நாடுகளோட தகவலைச் சேத்துப் பாத்தது, அதுல ஏறக்குறைய நாலுல ஒரு குடும்பம் வைத்தியத்துக்காக கடன் வாங்கியிருக்கு இல்லன்னா எதையாவது வித்திருக்கு. விக்கறதுலயும் ஒரு வரிசை இருக்கு, முதல்ல சும்மா கெடக்கறது போகும், அப்புறம் நகை, அப்புறம்தான் சம்பாதிச்சுக் குடுக்கற சாமான் மேல கை வைப்பாங்க, கறவை மாடு, தையல் மெஷின், வண்டி, கடைசியா நிலம். அந்த மூணாவது கட்டத்துக்கு வந்துட்டாலே திரும்பி வர்றது கஷ்டம், ஏன்னா வித்தது நாளைக்கு வரப்போற வருமானத்தை. நோயாளி எழுந்து உக்காந்தாலும் அவரு ஓட்டின ஆட்டோ இப்ப வேற ஒருத்தன் வீட்டு வாசல்ல நிக்கும். கடன்னா வட்டி இருக்கு, வட்டி கட்ட பெரிய பையன் படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போவான், சில வீட்ல பொண்ணை நிறுத்துவாங்க, அம்மாவைப் பாத்துக்க ஆள் வேணும்ல. இது எதுவும் மருத்துவச் செலவுங்கற தலைப்புல எங்கயும் ஏறாது.

அனிருத் கிருஷ்ணான்னு ஒரு ஆய்வாளர், ராஜஸ்தான், குஜராத், கென்யா, உகாண்டா, பெருன்னு பல இடத்துல கிராமம் கிராமமாப் போயி ஊர்க்காரங்களையே உக்கார வெச்சு, முன்னாடி நல்லா இருந்து இப்ப ஏழையான வீடு எது, ஏன் அப்படி ஆச்சுன்னு கேட்டாரு. குடி, சோம்பேறித்தனம்னுதான் வெளியில இருக்கறவங்க காரணம் சொல்லுவோம். அவருக்குத் திரும்பத் திரும்பக் கெடைச்ச பதில் உடம்பு சரியில்லாமப் போனதும் அதுக்கான செலவும்தான். அதுவும் பெரும்பாலும் ஒரே அடியில விழல, ஒரு வியாதி, ஒரு கடன், ஒரு சாவுச் செலவுன்னு ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுந்திருக்காங்க. நாடு வேற, பாஷை வேற, பதில் மட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு.

பில்லு கட்ட முடியாதவங்களை ஆஸ்பத்திரியிலயே புடிச்சு வெச்ச கொடுமையும் உண்டு. ஆப்பிரிக்காவுல இருக்கற புருண்டியில நோயாளிகளை, அதுல பிரசவமான தாய்களும் அடக்கம், காசு கட்டற வரைக்கும் வெளிய விடாம வெச்சிருந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கற மனித உரிமை அமைப்பு 2006ல அறிக்கையாவே போட்டுச்சு. கென்யாவுல பிரசவத்துக்கு வந்த பெண்களை இப்படி அடைச்சு வெச்சது அவங்க உரிமையை மீறினதுன்னு 2015ல உயர்நீதிமன்றமே தீர்ப்பு சொல்லுச்சு. வெளிய விட்டா சம்பாதிச்சாவது குடுப்பாங்க, உள்ள வெச்சா எங்கிருந்து குடுப்பாங்க? இதுல என்ன லாஜிக்னு எனக்கு இன்னும் புரியல.

ஏழைகிட்ட காசு வாங்கறதுங்கற யோசனை தானா முளைச்சது இல்ல. 1978ல, இப்ப கஜகஸ்தான்ல இருக்கற அல்மா-அட்டா நகரத்துல உலக நாடுகள் கூடி எல்லாருக்கும் அடிப்படை வைத்தியம்னு பெருசா அறிவிச்சாங்க. அதுக்குப் பின்னாடி எண்பதுகள்ல பல ஏழை நாடுகள் கடன்ல முழுகி அரசு ஆஸ்பத்திரிகள்ல மருந்தே இல்லாமப் போச்சு. 1987ல உலக வங்கி, அரசு மருத்துவமனையிலயும் கட்டணம் வாங்குங்கன்னு எழுதுச்சு, அதே வருஷம் மாலி நாட்டு பமாக்கோவுல ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் கூடி, மருந்துக்குக் காசு வாங்கி அந்தக் காசுல மறுபடி மருந்து வாங்கி வெக்கலாம்னு முடிவு பண்ணாங்க. பமாக்கோ முடிவுக்குப் பின்னாடி ஒரு நியாயம் இருந்துச்சு, அதை ஒத்துக்கணும், அலமாரி காலியா இருக்கற இலவச ஆஸ்பத்திரியால யாருக்கு என்ன பிரயோஜனம். ஆனா கூடவே இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கிச்சு, சும்மா குடுத்தா மதிக்க மாட்டாங்க, கொஞ்சமாவது காசு வாங்கினாத்தான் ஒழுங்கா பயன்படுத்துவாங்கங்கற பேச்சு. இதை இன்னைக்கும் நல்லாப் படிச்சவங்க வாயில கேக்கலாம்.

இதைச் சோதிச்சே பாத்துட்டாங்க. கென்யாவுல கர்ப்பிணிகளுக்கு மலேரியா கொசுவலையை சில கிளினிக்ல இலவசமாவும் சிலதுல கொஞ்சம் கொஞ்சம் வெலை வெச்சும் குடுத்தாங்க, ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபாஸ்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பண்ணது, 2010ல வெளியாச்சு. அதிகபட்ச வெலையே 60 அமெரிக்க சென்ட், அதுவும் மானியம் போக. இலவசத்துல இருந்து அந்த வெலைக்குப் போனதும் வலை வாங்கறவங்க நூறு பேருக்கு 60 பேருங்கற கணக்குல கொறைஞ்சுட்டாங்க. சரி, காசு குடுத்து வாங்கினவங்களாவது இன்னும் அக்கறையா பயன்படுத்தினாங்களான்னா அதுவும் இல்ல, சும்மா வாங்கினவங்களும் அதே அளவுக்குத்தான் வலையைக் கட்டித் தூங்கினாங்க. மதிப்புங்கற வாதத்துக்கு இதுக்கு மேல என்ன பதில் வேணும்.

அப்ப கட்டணத்தை ரத்து பண்ணிட்டா எல்லாம் சரியாயிருமா? உகாண்டா 2001ல பண்ணுச்சு. அரசு ஆஸ்பத்திரிக்கு ஏழைகள் வர்றது நல்லாவே கூடுச்சு, அது பெரிய விஷயம்தான். ஆனா பின்னாடி கணக்குப் பாத்தா ஏழைக் குடும்பங்கள் தாங்க முடியாத செலவுல மாட்டறது கொறையவே இல்ல. காரணம் என்னவா இருக்கும்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க, கூட்டம் கூடுச்சு, மருந்து அடிக்கடி தீந்து போச்சு, சீட்டை எழுதி வெளிய வாங்கிக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. டாக்டர் இலவசம், மருந்து காசு. சுத்திச் சுத்தி அதே மருந்துக்கடை கவுண்டர்லதான் வந்து நிக்குது.

மருந்தும் இலவசமா கெடைச்சா? அதுக்கும் ஒரு உதாரணம் இருக்கு, காசநோய். பெரும்பாலான நாடுகள்ல டிபி மருந்து இலவசம்தான், வருஷக்கணக்கா. அப்படியும் உலக சுகாதார நிறுவனம் நாடு நாடா எடுத்த கணக்கெடுப்புகள்ல, டிபி வந்த குடும்பங்கள்ல ஏறக்குறைய பாதி வருஷ வருமானத்துல 20 சதவீதத்துக்கு மேல இழக்குது. மருந்துக்குக் கட்டுப்படாத டிபியா இருந்தா பத்துல எட்டு குடும்பத்துக்கு இந்த நிலைமை. மருந்து இலவசமா இருக்கும்போது எப்படி இவ்வளவுன்னா, டிபிக்கு மட்டும் கணக்கை வேற மாதிரி போடறாங்க. பஸ் செலவு, சத்தான சாப்பாட்டுக்கு ஆன செலவு, நோயைக் கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடி நாலு டாக்டர்கிட்ட இருமல் மருந்துக்கு அழுத காசு, எல்லாத்துக்கும் மேல போன கூலி, இது அத்தனையும் அதுல வருது. எனக்குத் தெரிஞ்சு இதுதான் நேர்மையான கணக்கு. இதே கணக்கை டயாலிசிஸ் பண்றவங்களுக்குப் போட்டுப் பாருங்க, வாரத்துல ரெண்டு மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடக்கணும், அவரு வேலை போச்சு, கூட்டிட்டுப் போற பொண்டாட்டியோ புள்ளையோ அவங்க வேலையும் போச்சு, டயாலிசிஸ் ஃப்ரீயாவே இருந்தாலும் அந்த வீட்ல ரெண்டு சம்பளம் இல்ல.

காப்பீடு வந்தா தீந்துரும்னு நெனைக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். சீனாவுல வாக்ஸ்டாஃப், லிண்டலோன்னு ரெண்டு பேரு பண்ண ஆய்வு 2008ல வந்துச்சு, காப்பீடு இருந்தவங்களுக்கு பெரிய செலவுல மாட்டற அபாயம் கூடத்தான் செஞ்சிருக்கு! அட்டை இருக்குங்கற தைரியத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, அங்க போனா டெஸ்ட்டும் ஸ்கேனும் ஏறும், அட்டை ஒரு பங்கைத்தான் தாங்கும், மிச்சம் கையில இருந்து. இந்தியாவுல 2018ல வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் தருது, நல்லதுதான், ஆனா அது அட்மிட் ஆனா மட்டும்தான். தினம் போடற மாத்திரைக்கு அதுல எடமில்ல. இந்தியாவோட மொத்த சுகாதாரச் செலவுல மக்கள் கையில இருந்து போறது 2013-14ல 64.2 சதவீதமா இருந்து 2021-22ல 39.4க்கு இறங்கியிருக்குன்னு அரசுக் கணக்கு சொல்லுது, இறக்கம் பெருசுதான், அப்படியும் நூறு ரூபாய்ல நாப்பது நோயாளி வீட்டுப் பணம். பெரியப்பா மாதிரி ஆளுங்க வாங்காம விட்ட பாதி அட்டை மாத்திரை அந்த நாப்பதுல இல்லங்கறதையும் சேத்துக்கோங்க. கிண்டலா என்னன்னா, அந்தப் பாதி மாத்திரையால பக்கவாதம் வந்து படுத்தா அப்ப காப்பீட்டு அட்டை வேலை செய்யும்.

தாய்லாந்து இதை வேற மாதிரி யோசிச்சுச்சு, அதனாலதான் அந்த நாட்டைப் பத்தி எங்க பாத்தாலும் நின்னு படிக்கறேன். எல்லாருக்கும் வைத்தியம்னு ஒரு திட்டத்தை 2002க்குள்ள நாடு முழுக்க கொண்டு வந்தாங்க, ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனா 30 பாட் (பாட்ங்கறது அவங்க ஊரு பணம்), அவ்வளவுதான், பரம ஏழைக்கு அதுவும் கிடையாது. பிரீமியம் வசூல் பண்ணல, பொது வரிப்பணத்துல இருந்தே குடுத்தாங்க, ஏன்னா வயல்லயும் ரோட்டுக் கடையிலயும் வேலை பாக்கறவன்கிட்ட மாசா மாசம் பிரீமியம் புடிக்கறதுக்கே பாதிச் செலவு ஆயிரும். முக்கியமான விஷயம், சும்மா டாக்டரைப் பாத்துட்டு மாத்திரை வாங்கிட்டு வர்றதும் முதல் நாள்ல இருந்தே திட்டத்துக்குள்ள இருந்துச்சு. அதுக்கு ஆஸ்பத்திரிக்கு தலைக்கு இவ்வளவுன்னு முன்கூட்டியே பணம் போயிரும், அதிகமா டெஸ்ட் எழுதினா அதிகக் காசுங்கற ஆசை அதுல வராது. அதுக்கு முன்னாடியே பல வருஷமா மாவட்ட அளவுல ஆஸ்பத்திரி கட்டி, டாக்டருங்க கொஞ்ச காலமாவது கிராமத்துல வேலை பாக்கணும்னு கட்டாயப்படுத்தி வெச்சிருந்தாங்க, அது இல்லாம 30 பாட்டும் உகாண்டா கதையாத்தான் ஆயிருக்கும். நாட்டோட மொத்த சுகாதாரச் செலவுல மூணுல ஒரு பங்கு மக்கள் கையில இருந்து போயிட்டு இருந்தது, போகப் போக பத்துல ஒரு பங்கு கிட்ட வந்துச்சு.

அங்கயும் சண்டை இல்லாம இல்ல. ஆரம்பத்துல டயாலிசிஸை சேக்கல, கட்டுப்படியாகாதுன்னு சொன்னாங்க, கிட்னி நோயாளிகளும் அவங்களுக்காகப் பேசின அமைப்புகளும் விடாமப் போராடினாங்க, 2008ல சேத்தாங்க, அதுலயும் வீட்லயே வயித்து வழியா பண்ணிக்கற முறைக்குத்தான் முதலிடம் குடுத்தாங்க, மெஷின் தேடி வாரா வாரம் டவுனுக்கு வர வேண்டாம்ல. வீட்ல பண்ணா கிருமி தொத்துமேன்னு எதிர்ப்பு இருந்துச்சு, கூட்டம் தாங்காம அரசு டாக்டருங்க தனியாருக்குப் போறாங்கங்கற புகார் இருந்துச்சு, பட்ஜெட் பத்தலன்னு வருஷா வருஷம் ஆஸ்பத்திரிகள் கத்திட்டேதான் இருக்கு. ஆனா அந்தக் கத்தலைக் கேக்க வேண்டியது இப்ப நிதி அமைச்சகம், மருந்துக்கடை வாசல்ல நிக்கற பொண்டாட்டி இல்ல.